கரண்ட் போனால் தெரியும்: லப்டொப், டெஸ்க்டொப் கேள்வி பதில்

போன இதழின் கடைசியில் "கம்பியூட்டர் வாங்கும் யோசனை இருந்தால் கேளுங்கள்" என்று ஒற்றை வரிதான் போட்டேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே கேள்வி, லப்டொப் நல்லதா டெஸ்க்டொப் நல்லதா என்று. கேள்வி ஒன்றென்றாலும் பதில் ஒன்றில்லை, கேட்பவர் யார், அந்த மெஷின் எந்த மேசையில் இருக்கப் போகிறது, மாதத்தில் எத்தனை தடவை வாசலைத் தாண்டப் போகிறது என்பதைப் பார்த்தால் ஒருவருக்குச் சொன்னது அடுத்தவருக்குத் தலைகீழாகப் போகிறது. ஆகவே ஏழு பேரை மட்டும் எடுத்திருக்கிறேன். விலை எதுவும் எழுதவில்லை, இதழ் அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் டொலர் வேறு எங்கேயாவது நிற்கும்.

நான் தரம் 9, 10க்குக் கணிதம் படிப்பிக்கிறேன். வினாத்தாள் அடிக்க, புள்ளி பதிய, சனி ஞாயிறு சூமில் வகுப்பு எடுக்க ஒரு கம்பியூட்டர் வேண்டும். மகனுக்கு அடுத்த வருடம் சாதாரண தரம், அவனும் பாவிப்பான். டெஸ்க்டொப் என்றால் பத்து வருடம் இழுக்கும் என்கிறார் கணவர், லப்டொப் எடு என்கிறான் தம்பி. எங்களால் ஒன்றுதான் வாங்கலாம்.
– ஓர் ஆசிரியை, களுவாஞ்சிக்குடி

ரீச்சர், உங்கள் கணவர் சொல்வது பிழையில்லை, ஆனால் உங்கள் கடிதத்தில் "சூமில் வகுப்பு" என்ற இரண்டு சொல்லைப் பார்த்ததும் நான் தம்பியின் பக்கம் போய்விட்டேன். 2022இல் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்ததை விடுங்கள், அது ஒரு காலம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதால் முழு இலங்கையும் இருண்டதே, அது நடந்தது காலை பதினொரு மணி கடந்த நேரம், அதாவது உங்களைப் போன்றவர்கள் வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கும் நேரம். டெஸ்க்டொப் என்றால் அந்த நொடியே திரை கறுப்பு. லப்டொப்புக்கு ஒன்றும் தெரியாது, அது தன் பற்றரியில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆனால் இதில் ஒரு கண்ணியை எல்லோரும் மறந்துபோகிறார்கள். லப்டொப் ஓடும், இன்டர்நெட் தரும் ரவுட்டர் ஓடாது. ரவுட்டருக்கென்றே, கரண்ட் போனாலும் பற்றரியில் ஓடவைக்கும் சின்ன யூ.பி.எஸ் விற்கிறார்கள், உள்ளங்கை அகலப் பெட்டி, 12 வோல்ட், இரண்டு மூன்று மணித்தியாலம் தாங்கும். வாங்க முன்னர் உங்கள் ரவுட்டரின் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை அம்பியர் என்று எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்து அதே அளவில் கேளுங்கள். அதை வாங்காவிட்டால் போனில் ஹொட்ஸ்பொட் போட்டுச் சமாளிக்க வேண்டியதுதான்.

விலையை ஒப்பிடும்போதும் பெட்டியின் விலையை மட்டும் பார்க்காதீர்கள். டெஸ்க்டொப் மலிவாகத் தெரியும், பிறகு மொனிட்டர், கெமரா, மைக், ஸ்பீக்கர், யூ.பி.எஸ், வைஃபை இல்லாவிட்டால் அதற்கொரு குச்சி, வைக்க ஒரு மேசை என்று கூட்டிப் பாருங்கள். லப்டொப்பில் மேசையைத் தவிர இவ்வளவும் உள்ளேயே இருக்கிறது.

கரண்ட் பில் இன்னொன்று. சாதாரண டெஸ்க்டொப்பும் மொனிட்டரும் சேர்ந்து சுமார் 100 வாட் எடுக்கிறது என்று வைத்தால், நாளுக்கு 5 மணித்தியாலம், மாதம் 15 யூனிட். லப்டொப் 40 வாட் என்றால் 6 யூனிட். ஒன்பது யூனிட் பெரிதா என்று கேட்பீர்கள். 60 யூனிட்டுக்குள் நிற்கும் வீடு என்றால் பெரிதுதான், ஏனென்றால் 60ஐத் தாண்டினால் கடைசியில் கூடிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, முதல் யூனிட்டில் இருந்தே கட்டண அட்டவணை மாறுகிறது.

சரி, லப்டொப்பின் குறையையும் சொல்ல வேண்டும். கழுத்து. திரையும் கீபோட்டும் ஒன்றாக ஒட்டியிருப்பதால் குனிந்தே இருப்பீர்கள், மகன் இன்னும் கூடக் குனிவான். லப்டொப்பைத் தடித்த புத்தகம் நாலைந்தின் மேல் வைத்து, திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வந்த பிறகு, தனியாக ஒரு கீபோட்டும் மவுஸும் செருகிக்கொள்ளுங்கள், இரண்டும் சேர்ந்து பெரிய காசு இல்லை. அடுத்த வருடம் கை கொஞ்சம் இளகினால் ஒரு மொனிட்டர் வாங்கி எச்.டி.எம்.ஐ வயரில் கொழுவுங்கள். அப்போது கணவர் கேட்ட டெஸ்க்டொப்பும் வந்துவிடும், அவருக்கும் தோற்ற மாதிரி இராது.

மகனுக்கென்று வேறாக ஒரு யூசர் கணக்கு திறந்துகொடுக்க மறக்காதீர்கள். தவணைப் பரீட்சை வினாத்தாளை டெஸ்க்டொப் திரையில் திறந்தபடி வைத்துவிட்டுக் குசினிக்குப் போன ஒரு ஆசிரியரை எனக்குத் தெரியும்.

கல்முனையில் சின்னதாகக் கொமினிகேஷன் வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, டைப்செட்டிங், விண்ணப்பம் நிரப்புதல், பாஸ்போட் சைஸ் படம். இருந்த டெஸ்க்டொப் செத்துவிட்டது. மேசையில் இடம் குறைவு, லப்டொப் வைத்தால் அழகாக இருக்கும் என்று மகன் சொல்கிறான்.
– கடை உரிமையாளர், கல்முனை

நாநா, மகன் சொன்னதைக் கேட்காதீர்கள். கடைக்கு டெஸ்க்டொப்தான், இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

காலை எட்டரைக்குப் போட்டால் இரவு எட்டு வரை ஓடும் மெஷின் அது. கை வைத்து அடிப்பவர் ஒருவரல்ல. பக்கத்தில் எப்போதும் ஒரு பிளேன்ரீ இருக்கும், அது ஒரு நாள் கவிழும். டெஸ்க்டொப் கீபோட்டில் கவிழ்ந்தால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு அடுத்த கடையில் புதிது வாங்கி அரை மணித்தியாலத்தில் வேலை தொடங்கலாம். லப்டொப்பில் கவிழ்ந்தால் சீனித் தண்ணீர் நேரே தாய்ப்பலகைக்குத்தான் இறங்கும், பிறகு மெஷின் கொழும்புக்குப் போய் வரும் வரை உங்கள் கடையில் போட்டோக்கொப்பி மட்டும்தான்.

அதோடு நம் பக்கத்து உப்புக்காற்று. நான் இருப்பது கல்லடியில், கடல் சத்தம் கேட்கும் தூரம். என் பழைய டெஸ்க்டொப் வருடத்துக்கு இரண்டு தரம் மூன்று பீப் அடித்துவிட்டுத் திரை வராமல் நிற்கும், பெரும்பாலும் வாடைக்காற்று தொடங்கிய கையோடு. செய்வது இவ்வளவுதான்: பிளக்கைக் கழற்றி, பக்கத்து மூடியைத் திறந்து, ரேம் என்ற நினைவகப் பட்டையைப் பிடுங்கி, மகளின் பென்சில் பெட்டியில் இருக்கும் அழிறப்பரால் அந்தப் பொன்னிறப் பற்களை மெல்லத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, கிளிக் என்று சத்தம் வரும் வரை திரும்ப அழுத்துவது. ஐந்து நிமிடம். இப்போது வரும் மெல்லிய லப்டொப் பலவற்றில் ரேமைப் பலகையோடு ஒட்டியே விடுகிறார்கள், அழிறப்பர் கொண்டுபோனாலும் தேய்க்க ஒன்றுமில்லை.

பழைய மெஷின் எப்படிச் செத்தது என்று நீங்கள் எழுதவில்லை. எனக்குப் பல்லி மேல் சந்தேகம். சிரிக்காதீர்கள், என் வீட்டிலேயே நடந்தது. ஒரு நாள் இரவு சுவிட்சைப் போட்டேன், டப் என்று ஒரு வெடி, கருகல் மணம், வீட்டு ட்ரிப் சுவிட்சும் விழுந்துவிட்டது. பவர் சப்ளையைக் கழற்றிப் பார்த்தால் ஒரு பல்லி இரண்டு கம்பிக் காலுக்கும் நடுவில் படுத்தபடி காய்ந்திருக்கிறது, வால் மட்டும் அப்படியே. வந்த வழி பெட்டியின் பின்பக்கம், எப்போதோ ஒரு கார்ட்டைக் கழற்றிவிட்டு மூடாமல் விட்ட விரல் நீளச் சந்து. பழைய மெஷினைத் திருத்தினாலும் புதிது வாங்கினாலும் பின்பக்கச் சந்துகளுக்குத் தகடு போட்டு மூடச் சொல்லுங்கள். பல்லிக்குச் சூடு பிடிக்கும், மாரியில் கட்டாயம் வரும்.

நீங்கள் கொழும்பில் இருந்து வரும் பாவித்த பிராண்ட் மெஷின்களைப் பார்க்கலாம், டெல், எச்.பி, லெனோவோ கம்பனி அலுவலகங்களுக்கென்று செய்தவை, உடம்பு நல்ல கட்டு. மூன்று விடயம் பாருங்கள். ஒன்று, புரொசஸர், அதாவது மெஷினின் மூளையான சில்லின் இலக்கம். ஐ5 என்று மட்டும் சொன்னால் காணாது, அதற்குப் பின்னால் வரும் எண்ணைக் கேளுங்கள். 6500 என்றால் ஆறாம் தலைமுறை, 8500 என்றால் எட்டாம் தலைமுறை, 10400 என்றால் பத்து. எட்டுக்குக் கீழே வேண்டாம், காரணம் கீழே இன்னொரு கடிதத்தில் வருகிறது. இரண்டு, சப்பையான சின்னப் பெட்டியை விட்டுவிட்டு உயரமான டவர் எடுங்கள். இடம் குறைவு என்கிறீர்கள், டவரை மேசைக்குக் கீழே ஒரு பலகை மேல் வையுங்கள், தரையில் மட்டும் வேண்டாம். சப்பைப் பெட்டிகளில் பவர் சப்ளை பெரும்பாலும் அந்தந்தக் கம்பனியின் தனி வடிவம், எரிந்தால் கல்முனையில் தேடி அலைய வேண்டும், சில பிராண்ட் டவரிலும் அப்படித்தான், கேட்டு வாங்குங்கள். மூன்று, ஹார்ட் டிஸ்க்கோடு தந்தால் அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி டிஸ்க் மாற்றித் தரக் கேளுங்கள், 256 ஜி.பி போதும். மெஷின் திறக்கும் வரை வாடிக்கையாளர் முன்னால் நின்று விரலால் மேசையைத் தட்டும் அந்த இரண்டு நிமிடம் பத்து செக்கனாகிவிடும்.

யூ.பி.எஸ் கட்டாயம், 650 வி.ஏ ஒன்று. அது வேலை செய்வதற்கு அல்ல, அடித்துக்கொண்டிருக்கும் கல்யாண அழைப்பிதழைச் சேமித்துவிட்டு மெஷினை ஒழுங்காக மூடுவதற்கு. லேசர் பிரின்டரையோ போட்டோக்கொப்பி மெஷினையோ அதில் கொழுவாதீர்கள், சூடாகும்போது அவை இழுக்கும் கரண்டுக்கு யூ.பி.எஸ் கீச்சிட்டு விழும். உள்ளே இருக்கும் பற்றரி இரண்டு மூன்று வருடத்தில் களைத்துவிடும், அதை மட்டும் மாற்றலாம், முழு யூ.பி.எஸ்ஸையும் எறிய வேண்டாம்.

இன்னொன்று, பழைய டிஸ்க் இன்னும் உயிரோடிருந்தால் அதிலுள்ள பாமினி எழுத்துருவையும் அழைப்பிதழ், மரண அறிவித்தல் கோப்புகளையும் முதலில் பிரதி எடுங்கள். பாமினி இல்லாத மெஷினில் அந்தக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியலாக நிற்கும், பலர் கோப்பு பழுதாகிவிட்டது என்று அழித்தே விடுகிறார்கள்.

மொறட்டுவைக்குப் பொறியியல் கிடைத்திருக்கிறது. அப்பா வயல் அறுவடைக் காசில் லப்டொப் வாங்கித் தருகிறேன் என்கிறார். எதை வாங்குவது?
– மாணவி, திருக்கோவில்

முதலில் வாழ்த்துக்கள் தங்கச்சி. லப்டொப்தான், அதில் கேள்வி இல்லை, விடுதிக்கும் விரிவுரைக்கும் வீட்டுக்கும் தூக்கித் திரிய வேண்டும். எதை என்பதற்கு என் பதில்: இன்றைக்கு வேண்டாம். வகுப்பு தொடங்கி, உங்கள் சீனியர் அக்காமாரிடம் கேட்டு, எந்த மென்பொருள் ஓட வேண்டும் என்று தெரிந்த பிறகு வாங்குங்கள். சிவில், மெக்கானிக்கல் பக்கம் போனால் முப்பரிமாண வரைபடம் வரும், அதற்குத் தனி கிராபிக்ஸ் கார்ட் உதவும். வேறு துறை என்றால் அது வீண் பாரம், வீண் சூடு. அறுவடைக் காசு வங்கியில் மூன்று மாதம் இருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

எதுவானாலும் 16 ஜி.பி ரேம், 512 ஜி.பி எஸ்.எஸ்.டி. 2025 கடைசியில் உலகம் முழுக்க ரேம் விலை ஏறத் தொடங்கியது, செயற்கை நுண்ணறிவுக் கம்பனிகள் மெமரியை அள்ளிக்கொண்டு போகின்றன. அதனால் "இப்போது 8 எடுங்கள், பிறகு கூட்டலாம்" என்று கடையில் சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள்: கூட்டுவதற்கு உள்ளே இடம் இருக்கிறதா, கூட்டினால் வொறண்டி போகுமா. 14 அங்குலம் போதும். அக்கரைப்பற்றில் இருந்து இரவு பஸ்ஸில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு போகப் போவது நீங்கள்தான், மேல் தட்டில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

கட்டாரில் இருந்து மச்சான் வருகிறார், அங்கே லப்டொப் மலிவாம். வாங்கிவரச் சொல்லலாமா? கரண்ட் ஒத்துவருமா?
– வாசகர், காத்தான்குடி

கரண்ட் பிரச்சினை இல்லை. சார்ஜரைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் 100-240 என்று போட்டிருக்கும், நம்முடையது 230. கட்டாரிலும் பாவிப்பது மூன்று தட்டையான கால் பிளக்தான், உங்கள் வீட்டில் பழைய வட்டத் துளை பிளக் பொயிண்ட் என்றால் ஒரு அடாப்டர் வேண்டும். கீபோட்டில் அரபு எழுத்தும் இருக்கும், அது உங்கள் வாப்பாவுக்குச் சந்தோசம்தானே.

வொறண்டிதான் இடிக்கும். சில கம்பனிகளின் வொறண்டி வாங்கிய நாட்டோடு முடிகிறது, சில நாடு தாண்டியும் செல்லும், மொடலுக்கு மொடல் மாறும். வாங்க முன்னர் மச்சானைக் கடையிலேயே அதைக் கேட்கச் சொல்லுங்கள், பில்லையும் பத்திரமாகக் கொண்டுவரட்டும். விலை வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் என் கை இங்கேயே வாங்கு என்றுதான் சொல்லும்.

என்னிடம் நாலாம் தலைமுறை ஐ3 டெஸ்க்டொப், விண்டோஸ் 10. இனி ஆதரவு இல்லை என்று திரையில் வருகிறது. எறிந்துவிட்டு லப்டொப் எடுக்கவா? விவசாயக் கணக்கும் பிள்ளைகளின் படமும்தான் அதில்.
– வாசகர், வெல்லாவெளி

எறிய வேண்டாம் அண்ணன். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. வீட்டுப் பாவனைக்கு மைக்ரோசொஃப்ட் கொடுத்த மேலதிக வருடமும் 2026 ஒக்டோபர் 13 வரைதான். விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய இன்டெல் புரொசஸரையும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும் கேட்கிறது, உங்களுடையது அதில் ஏறாது. கல்முனை நாநாவுக்கு எட்டுக்குக் கீழே வேண்டாம் என்றது இதனால்தான்.

ஆதரவு முடிந்தால் மெஷின் நிற்காது, பாதுகாப்புத் திருத்தம் வருவது நிற்கும். வங்கி வேலையை அதில் செய்யாதீர்கள், அதைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எஸ்.எஸ்.டி போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் ஏற்றித் தரத் தெரிந்த ஒரு தம்பியைப் பிடித்தால் உங்கள் கணக்குக்கும் படத்துக்கும் இன்னும் நாலு வருடம் ஓடும், கணக்கு எழுத லிப்ரே ஒஃபிஸ் காசில்லாமல் வரும். படங்களை முதலில் வெளி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து, அதை அலுமாரியின் மேல் தட்டில் வையுங்கள். படுவான்கரையில் மாரி வெள்ளம் எது வரை ஏறும் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

வீட்டில் இருந்து கொழும்புக் கம்பனிக்கு வேலை, நாளுக்கு ஒன்பது மணித்தியாலம். கம்பனி லப்டொப் தந்திருக்கிறது, ஆனால் முதுகு போகிறது. டெஸ்க்டொப் வாங்கவா?
– வாசகர், சாய்ந்தமருது

மெஷின் வேண்டாம், 24 அங்குல மொனிட்டரும் நல்ல கதிரையும் வாங்குங்கள். காசு ஒன்றுக்குத்தான் காணும் என்றால் கதிரை. லப்டொப் நாள் முழுக்க சார்ஜரிலேயே இருக்கும் என்பதால் பற்றரியை 80 வீதத்தில் நிறுத்தும் செட்டிங் இருக்கிறதா என்று தேடிப் போட்டுவிடுங்கள், பல மொடல்களில் இருக்கிறது. டச்பேட் மேலெழும்பி அடிப்பக்கம் மேசையில் படியாமல் ஆடத் தொடங்கினால் பற்றரி வீங்கிவிட்டது என்று அர்த்தம், அன்றைக்கே நிறுத்தி ஆளிடம் காட்டுங்கள், குத்தவோ அமத்தவோ வேண்டாம்.

அம்மா மொனிட்டருக்கும் பெட்டிக்கும் பூப்போட்ட துணி உறை தைத்துப் போட்டிருக்கிறா. தூசிக்கு நல்லதாம். உண்மையா?
– வாசகி, ஏறாவூர்

ஆடி மாதக் கச்சான் காற்றுக்கு உங்கள் அம்மா செய்தது சரியான வேலை, அந்தப் புழுதி விசிறியில் ஏறினால் பஞ்சு மாதிரிப் படியும். ஆனால் மெஷின் ஓடும்போது உறையைக் கழற்றுங்கள், மூடிய பிறகும் பத்து நிமிடம் ஆறவிட்டுப் போடுங்கள். இடி மின்னல் என்றால் உறை உதவாது, பிளக்கைக் கழற்ற வேண்டும், செப்புக் கம்பியில் வரும் டெலிபோன் லைன் என்றால் அதையும். லப்டொப்புக்கும் இதேதான், சார்ஜரைப் பிடுங்கிவிட்டால் அது பாட்டுக்கு ஓடும். அம்மாவிடம் சொல்லி லப்டொப்புக்கும் ஒரு உறை தைப்பித்துக்கொள்ளுங்கள், ஜிப் வைத்து.